அலரி மாலையும் மாட்டு டொக்டரும்

வெள்ளவத்தையில் மாடு மேய்வதற்கு இடமில்லை. எங்கள் ஒழுங்கையில் ஆள் நடப்பதற்கே இடம் குறைவு. ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒவ்வொரு செடியிடமும் நின்று, இதை மாடு தின்றால் என்ன ஆகும், ஆடு தின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நடந்தார். கூட நடந்த எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் மிருக வைத்தியர். வன்னியில், வருஷத்தில் பாதி நாள் புல் கருகிக் கிடக்கும் ஊர்களில், வாலிப வயது முழுவதையும் செலவழித்தவர். சண்டை அந்தப் பக்கம் நெருங்கியதும் பென்ஷன் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். கலியாணம் செய்யவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கீழே நானும் அம்மாவும். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை டொக்டர் அக்கா என்றோம். மாட்டு டொக்டர் என்பது என் அண்ணா முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்.

பின்னேரங்களில் அவரும் நானும் கடற்கரைக்கு நடப்போம். ரயில் பாதையோரம் ஊமத்தையைக் கண்டால் போதும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து வேரோடு பிடுங்குவார். காவலரணில் நிற்கும் ஆமிக்காரன் துவக்கைத் தோள் மாற்றிக்கொண்டு பார்ப்பான். ரயில் பாதையோரம் ஒரு தமிழ்ப் பெண் குனிந்து எதையோ தோண்டுவது அந்த நாளில் சின்ன விஷயமில்லை. நான் கையைப் பிடித்து இழுப்பேன்.

"அக்கா, இஞ்ச ஆர் மாடு வளர்க்கினம்? விடுங்கோ."

"இப்ப இல்லைத்தான். வந்தா?"

சொல்லிக்கொண்டே அடுத்த ஊமத்தையைப் பிடுங்கக் குனிவார்.

அவர் பூவின் அழகை ரசித்து நான் பார்த்ததில்லை. ஒழுங்கை முனையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வீட்டில் வேலியோடு செவ்வலரி அடர்த்தியாகப் பூத்துக் கிடக்கும். பஸ்ஸுக்குப் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். நான் ஒருநாள் வாய் தவறி, என்ன வடிவு என்று சொல்லிவிட்டேன்.

"வடிவுதான். ஒரு பிடி இலை ஒரு மாட்டைக் கொல்லக் காணும்," என்றார்.

அதோடு விடவில்லை. படலையைத் தட்டி, கணக்காளரைக் கூப்பிட்டு, வேலியை வெட்டினால் குப்பையை வீதியில் போடவேண்டாம், பச்சையைவிட வாடின இலையைத்தான் மாடு ஆசையாய்த் தின்னும் என்று விளக்கினார். கணக்காளர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் என்னிடம் தனியாக, "அந்த மிஸ்ஸுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று விசாரித்தார்.

மரக்கறிக் கடையிலும் இதே கதை. கடைக்காரர் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். இவர் தக்காளியைத் தெரிந்தபடியே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மேக்க எளுவன்ட தென்ன எப்பா, முதலாளி," என்பார். இதை ஆட்டுக்குப் போடவேண்டாம் என்று அர்த்தம். கடைக்காரர் கூடையையும் பார்ப்பார், இவரையும் பார்ப்பார். "மெஹே எளுவோ நேனே, நோனா," இங்கே ஆடே இல்லையே என்று சிரிப்பார். ஒவ்வொரு கிழமையும் இவர் சொல்லுவார், அவர் சிரிப்பார். கடைசியில் இவரைத் தூரத்தில் கண்டாலே, "எளுவன்ட தென்னே நே, நோனா!" ஆட்டுக்குப் போடமாட்டேன் என்று அவரே முந்திக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

கார்த்திகைப் பூவைப் பற்றி மட்டும் வீதியில் வாய் திறக்கமாட்டார். இயக்கம் தன் அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்தப் பூவின் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே சந்தேகப்படுகிற காலம் அது. அதன் கிழங்கு ஆட்டுக்கு என்ன செய்யும் என்று தொடங்கிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "அது வீட்டை போய்ச் சொல்லுறன்," என்று நிறுத்துவார். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் சொல்லுவார்.

மழைக்கு அவர் பயந்தது எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. ஒருமுறை வெயில் மாதக்கணக்காய் எரித்துவிட்டு ஒரு மத்தியானம் பெருமழை பிடித்துக்கொண்டது. அம்மா வாளிகளை வெளியே வைத்தார். நான் கொடியில் காய்ந்த துணியைக் கூட எடுக்காமல் நனைந்துகொண்டு நின்றேன். மேலே பார்த்தால் டொக்டர் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முகம் இறுகி நிற்கிறார்.

"என்னக்கா, ஏதும் செய்தியோ?" என்று கேட்டேன். அந்நாளில் முகம் இறுகினால் முதலில் கேட்பது அதுதான்.

"இல்லையப்பா. அங்க முதல் மழை பெய்தா வாடிக் கிடந்த இறுங்குச் சோளம் திரும்பக் குருத்து விடும். பச்சையா, இளசா இருக்கும். பசியோட கிடந்த மாடு ஓடிப்போய்த் தின்னும். தின்ற இடத்திலேயே விழும். சனம் மழையெண்டு சந்தோஷப்படும், நான் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள்ல ஓடுவன். இப்பவும் மழைச் சத்தம் கேட்டா கை பையைத் தேடுது."

அன்று இன்னொன்றும் சொன்னார். மாடு முட்டாள் இல்லையாம். தன் ஊரில் எதைத் தின்னலாம், எதை மோந்துவிட்டு விடவேண்டும் என்று தாயோடு திரிந்து பழகிவிடுமாம். எருக்கலைப் பக்கம் தலையையும் திருப்பாதாம். சனம் இடம்பெயரும்போது மாட்டையும் சாய்த்து ஓட்டிக்கொண்டு வரும் அல்லவா, அப்படிப் புது இடத்துக்கு வந்த மாடுதான் முதல் கிழமையிலேயே பிழையானதைத் தின்றுவிடுமாம்.

"பழக்கமில்லாத மண். பசி வேற. அது என்ன செய்யும்?" என்றார்.

அவர் மாட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு ஏனோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் கால் ஊன்றமுடியாமல் தவித்த என் மச்சாளின் ஞாபகம் வந்தது. மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர்கள் மாறாத வாடகை வீடு இல்லை. கிருலப்பனையில் ஒன்று, மருதானைப் பக்கம் ஒன்று, பிறகு வெள்ளவத்தைக்குள்ளேயே மூன்று நான்கு. ஒவ்வொரு இடத்திலும் சாமான் பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிக்க, வீட்டுக்காரர் வந்து கதவில் நிற்பார். குடியிருக்கும் தமிழரைப் பொலிஸில் பதியப் பயம் என்பார், அல்லது மகன் வருகிறான் என்பார். கடைசியில் வருகிற வசனம் ஒன்றுதான். வேறு இடம் பாருங்கோ.

கடைசியாக அண்ணா ஒரு ஃபிளாட் வாங்கினார். அடுத்த ஒழுங்கையில், மூன்றாம் மாடி. மச்சாள் சாவியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நெடுநேரம் அழுதார்.

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் சடங்கான குடிபூரலுக்குப் பசு வேண்டும். மாடிக்குப் பசு ஏறாது என்பதால், கீழே கார் நிறுத்தும் இடத்தில் பசுவையும் கன்றையும் நிறுத்திப் பூசை செய்வதுதான் அப்போதைய ஃபிளாட் வழக்கம். கொட்டாஞ்சேனையில் ஒருவர் ஒரே ஒரு கறவைப் பசுவை வைத்துக்கொண்டு பால் விற்று வந்தார். மலைநாட்டுப் பக்கத்து மனிதர். குடிபூரல் என்றால் பசுவையும் கன்றையும் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு விடியவே வந்துவிடுவார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை எத்தனையோ செக் பொயின்ட். அடையாள அட்டை கேட்காமல் விட்டது அந்தப் பசுவை மட்டும்தான்.

டொக்டர் அக்காவை அண்ணா கூப்பிடவில்லை. காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் இன்னொரு ஃபிளாட் குடிபூரலில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் போய்ப் பசுவின் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிவிட்டார். அலரி மாலை. ஐயர், "அம்மா, பூசை முடியட்டும்," என்று பல்லைக் கடித்தார். "அதுக்குள்ள இது வாயில வைச்சிடும், ஐயா," என்று இவர் விடவில்லை. அந்த வீட்டு அல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் பசுவின் கழுத்தில் கைவைத்தபடி, சங்கிலி அறுக்க வந்தவர் மாதிரி டொக்டர் அக்கா நிற்கிறார். அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எவரும் அவரைக் குடிபூரலுக்குக் கூப்பிடவில்லை.

"நான் மனிசரைத்தான் கூப்பிடுறன், மாட்டை இல்லை. மாட்டு டொக்டர் என்னத்துக்கு?" என்றார் அண்ணா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அண்ணா ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

அன்று பூக்கடையில் மல்லிகை வரவில்லை. பாதை மூடியிருக்கிறது என்றார்கள். அண்ணா செவ்வலரியும் இலையுமாகக் கட்டிய இரண்டு தடித்த மாலைகளை வாங்கிக்கொண்டு வந்தார். பூ பூதானே என்பது அவருடைய கட்சி. பூசை குறையில்லாமல் முடிந்தது. பால் காய்ச்சுவதற்கு ஐயர் குறித்த நேரம் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு மேலே போனோம். பால்காரரையும் மச்சாள் வற்புறுத்தி அழைத்துப் போனார்.

போகுமுன் மச்சாள் ஒரு காரியம் செய்தார். பூசைக்குப் போட்ட பூ காலில் மிதிபடக்கூடாது என்று, பசுவின் கழுத்திலிருந்து மாலைகளைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பேசினில் பத்திரமாக வைத்தார். அது பசுவுக்கென்று வாழைப்பழத் தோல் போட்டு வைத்த பேசின். பயபக்தியோடு செய்த வேலை. பசுவோ முதல்நாள் பின்னேரத்திலிருந்து பட்டினி. பழம் கொடுக்கிறவர்கள் கையில் அது ஆவலாய் வாங்கித் தின்னவேண்டும் என்பதற்காகப் பால்காரர் அப்படித்தான் கொண்டுவருவார்.

நேரம் நெருங்க, பால் கறக்க அவர் செம்போடு இறங்கிப் போனார். போனவர் படியில் விழுந்தடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஐயா, கொஞ்சம் வாங்களேன். மாடு ஒரு மாதிரி நிக்குது. வாயால வடியுது. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

பேசின் நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. நார் ஒன்றிரண்டுதான் மிச்சம். அண்ணாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் எங்கள் ஒழுங்கைக்கு ஓடினேன்.

டொக்டர் அக்கா தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போக நின்றார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் ஒரே கேள்வி.

"இலையோட கட்டினதோ?"

"ஓம்."

கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்தார். தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. முகத்தில்கூடக் காட்டவில்லை. எண்ணெய்த் தலையோடு, செருப்பும் மாறிப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் ஓடினார்.

பசுவின் முன்னங்காலுக்குப் பின்னால் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழும்பி, "இதயம் ஒழுங்கா அடிக்கேல்லை. ஒரு அடியும் நடக்க விடாதேங்கோ," என்றார்.

அண்ணா என்னை ஓரமாகக் கூப்பிட நினைத்து எல்லோருக்கும் கேட்கிறமாதிரியே சொன்னார். "லொறியில ஏத்தி அனுப்பிவிடுவம். போற வழியில என்ன நடந்தாலும் நடக்கட்டும். குடிபூரல் நாளில வீட்டு வாசல்ல பசு செத்தா, பிறகு இந்த வீட்டில மனிசர் இருக்கேலுமோ?"

"லொறிப் பலகையில ஏறினா, ஏறின இடத்திலயே போயிடும்," என்றார் டொக்டர் அக்கா. "இஞ்ச நிண்டா, தப்பும் எண்டு சொல்லமாட்டன். தப்பப் பார்க்கலாம்."

பால்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஒண்ணுதாங்க நம்மகிட்ட இருக்கு," என்றார்.

எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம். நல்ல நாள், கெட்ட நாள், பல்லி சொல்வது எல்லாம் பார்க்கிறவர். அனுப்பச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வெளுத்துப்போய் நின்றார். கூறைச் சேலைக் கரையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"நிக்கட்டும்," என்றார்.

"நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்றார் அண்ணா.

"யோசிச்சுத்தான். எங்களை எத்தனை வாசல்ல வைச்சு வேற இடம் பாருங்கோ எண்டு சொன்னவை? என்ர வாசல்ல இருந்து நான் ஒருத்தரையும் அனுப்பமாட்டன். செத்தாலும் இஞ்சயே சாகட்டும்."

எனக்கு அந்த நிமிஷம் மச்சாளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு டொக்டர் அக்கா எங்களை விரட்டி வேலை வாங்கினார். லோன்ட்ரிக்காரரிடம் சிரட்டைக்கரி வாங்கிவரச் சொன்னார். விஷத்தை அது உறிஞ்சும், மாவாக அரைக்கவேண்டும். மச்சாள் மேலே ஓடிப்போய்ப் புது வீட்டுக்கென்று வாங்கிய கிரைண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மிளகாய் காணாத கிரைண்டரில் முதலில் அரைபட்டது கரி. கரைத்துப் பருக்க நீளக் கழுத்துப் போத்தல் ஒன்று தேவை என்றதும், அண்ணா தன் காருக்குப் பின்னால் போய், எங்கிருந்தோ ஒரு வெறும் சாராயப் போத்தலோடு வந்தார். மச்சாள் பார்த்த பார்வையில் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். டொக்டர் அக்கா போத்தலை மோந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கழுவிக்கொண்டு வாரும். இது கோயில் மாடு மாதிரிப் பழகின சீவன்," என்றார். இக்கட்டிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பசுவின் தலையை உயர்த்தாமல் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரித்தண்ணீர் பருக்கினார். ஊசி மருந்து எழுதிக் கொடுத்து என்னைப் பார்மசிக்கு அனுப்பினார். கன்றைத் தாயிடம் விடவேண்டாம், பாலையும் கறந்து ஊற்றிவிடுங்கள், விஷம் பாலிலும் வரும் என்றார். இரண்டாம் மாடிப் பெண் ஒருவர் தன் குழந்தையின் சூப்பிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். கன்றுக்குப் பால்மா கரைத்துப் புகட்டியது பால்காரர்.

அன்று பால் காய்ச்சவில்லை. நேரம் தவறிவிட்டது என்று ஐயர் வருத்தப்பட்டுக்கொண்டு போனார். பசு எழும்பி நடந்த பிறகுதான் தன் அடுப்பில் பால் என்று மச்சாள் சொல்லிவிட்டார்.

டொக்டர் அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு பசுவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். ஃபிளாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் பாண், ஒருவர் கையில் கீரைக் கட்டு, ஒருவர் விபூதி. விபூதியைத் தவிர எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். கார் நிறுத்த இடமில்லை என்று சண்டைக்கு வந்தவர்கூட, சத்தம் போட்டால் மாடு பயப்படும் என்று இவர் சொன்னதும், காரை வீதியில் விட்டுவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்.

"எப்ப தெரியும், அக்கா?" என்று மச்சாள் மணிக்கொரு தடவை கேட்டார்.

"இரை மீட்கட்டும். அதுவரைக்கும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இரை மீட்பது என்றால் அசைபோடுவது. அன்றும் அடுத்த நாளும் நாங்கள் எல்லோரும் பசுவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஏறினார்கள். டொக்டர் அக்கா வீட்டுக்குப் போகவேயில்லை. எண்ணெய்த் தலை அப்படியே காய்ந்தது. மச்சாள் மூன்று வேளையும் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, அவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அதற்கடுத்த நாள் காலை, வெயில் வாசலுக்கு வரும் நேரம், பசுவின் கழுத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறியது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பால்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். டொக்டர் அக்கா குழாயை வைத்துக் கேட்டு, நிமிர்ந்து, "இரை மீட்குது," என்றார். மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

பின்னேரம் பசு தானாகப் பலகையில் ஏறி லொறியில் நின்றது. பால்காரர் டொக்டர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லொறி காலி வீதியில் திரும்பும்வரை இவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பையைத் தூக்கினார்.

"எங்க போறியள்?" என்றார் மச்சாள். "மேல வாங்கோ. பால் வைக்கவேணும்."

"நான் குளிச்சிட்டு வந்து பார்க்கிறன். நீங்கள் வையுங்கோ."

"நாங்கள் இல்லை. நீங்கள் வைக்கவேணும்."

கலியாணம் முடித்த பெண்தான் பால் பானையை ஏற்றுவது என்பது எங்கள் வழக்கம். அண்ணா வாயைத் திறந்தார். மச்சாள் திரும்பிப் பார்த்தார். அண்ணா மூடிக்கொண்டார்.

டொக்டர் அக்கா தன்னைக் குனிந்து பார்த்தார். சேலைக் கரையில் சாணம். முழங்கை வரைக்கும் கரி.

"நான் எப்பவும் குவாட்டர்ஸில இருந்த ஆள்," என்றார். "ஒரு வீட்டிலயும் பால் காய்ச்சிக் குடிபோனதில்லை."

"அப்ப இண்டைக்குக் காய்ச்சுங்கோ. குளிக்கவேண்டாம், இப்பிடியே வாங்கோ."

வலது காலை வைத்து உள்ளே வந்தார். பசும்பாலுக்கு எங்கே போவது? பால்மாவைத்தான் தண்ணீரில் கரைத்துப் புதுப்பானையில் ஊற்றினோம். அவர் நெருப்புக்குச்சியை இரண்டு மூன்று தடவை உரசித்தான் அடுப்பைப் பற்றவைத்தார். பால் மெல்ல மெல்ல விளிம்புக்கு ஏறியது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அவர் துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் மச்சாள் நெருப்பைக் குறைக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறும், பிள்ளை," என்றார் டொக்டர் அக்கா. "இன்னும் கொஞ்சம் வழியட்டும்."